மேலே இருந்த நம்பர்

ரெஸ்யூமை விஜிலா தன் செல்லில் திறந்து காட்டியபோது உமாராணியின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. திரை முழுக்க மூக்கு. அதற்குக் கீழே மேலுதட்டில் பாதி, ஓரத்தில் பூ வேலைப்பாடு போட்ட ஒரு பார்டர். பெயர் எங்கே என்று விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டியிருந்தது. தேடினால் பெயரில் பாதி ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் கிடந்தது. போன் படமும் கடிதாசிப் படமும் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள். இந்தக் கண்றாவியையா மாசக்கணக்காகத் தூத்துக்குடியில் இருக்கிற ஷிப்பிங் ஆபீஸுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தோம்?

"எங்க ஹெச்.ஆரும் இப்படித்தான் பாக்கா ஏளா. பப்ஸத் தின்னுக்கிட்டே செல்லுல தள்ளுவா. மொதத் திரையில பேரு, என்ன வேலை, போன் நம்பரு, ஊரு, நாலும் தெரியலன்னா அடுத்த ஆளுக்குப் போயிட்டே இருப்பா. ஒன் மூக்கப் பாத்து எவ வேலை குடுப்பா?" என்றாள் விஜிலா.

ஹார்பர் ரோட்டு பேக்கரியில் உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஒவ்வொன்றும் போகும்போது கரித்தூள் வந்து மேஜையில் படிந்தது. அதைத் துடைக்கிற துணி மேஜையைவிடக் கேவலமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒரே கன்டெய்னர் யார்டில் டாக்குமென்டேஷன் பார்த்தவர்கள். கப்பல் சரக்குக்குப் போடுகிற பில் ஆஃப் லேடிங்கில் ஒரு தப்பு என்றால் மேனேஜர் உமாராணியைத்தான் கூப்பிடுவார். திரேஸ்புரத்துக்காரி விஜிலா கல்யாணமாகியும் வேலையை விடவில்லை. உமாராணி விட்டாள். இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள், பகலெல்லாம் வீடு சும்மா கிடக்கிறது, ஒரு வேலைக்குப் போனால் என்ன என்று அவள் கேட்டதும் செந்தூர்வேல் மறுக்கவே இல்லை. மொத்த மளிகை வியாபாரம் செய்கிற மனுஷர், மூன்று பேர் வேலை பார்க்கிற கடை, அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இதுதான்: "கெடச்சா போ. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?"

அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, கோயில் கொடைக்குப் போனாலும் சரி, "காலம் மாறிட்டுல்லா, அவ விருப்பம்" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லுவார். உனக்கு வாய்த்த மாப்பிள்ளை மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று நாத்தனார்கள் பெருமூச்சு விடுவார்கள். ரெஸ்யூம் அடிக்கக் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அந்தக் கடைக்காரனுக்குப் பிழைப்பே கல்யாண ஜாதகமும் பயோடேட்டாவும் அடிப்பது. அதே அச்சில் இவளையும் வார்த்துக் கொடுத்துவிட்டான். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய போட்டோ, மாவு பூசின மாதிரி வெளுப்பாக்கிய முகம், அதற்கடுத்து யாருடைய மனைவி என்று ஒரு வரி. நட்சத்திரம் ஒன்றுதான் பாக்கி. நம்பர் கேட்டபோது செந்தூர்வேல் முந்திக்கொண்டு தன் நம்பரைச் சொன்னார். "பொம்பள நம்பரு கண்டவன் கையிலயும் போவக்கூடாது. என்னத்துக்கு வம்பு?" அக்கறையாகத்தான் பட்டது அன்றைக்கு.

அனுப்பினாள், அனுப்பினாள், ஒரு பதில் கிடையாது. ராத்திரிச் சோறு முடிந்ததும் யூடியூபில் போய் உட்காருவாள். தாடி வைத்த ஒருத்தன் சொன்னான், ஏ.டி.எஸ். என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம், ஆள் படிக்கும் முன்னால் அது படித்து வேண்டாததைக் கழித்துவிடுமாம். இரண்டு பத்தியாக அடித்தால் அதற்கு ஓடாது. கட்டம் போட்டால் ஓடாது. வேர்டில் தாளின் தலையில் தனியாக இருக்கிற ஹெட்டருக்குள் பெயரையும் நம்பரையும் போட்டுவிட்டால் சில சாஃப்ட்வேர் அந்தப் பக்கமே திரும்பாதாம். அடப்பாவி, பெயரே இல்லாத முண்டமாகவா நான் போய் விழுந்துகொண்டிருந்தேன் என்று இவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கடைக்காரன் அடித்ததைக் கலைக்கத் தெரியவில்லை. தன்னை ஆற்றல் மிக்கவள், துடிப்பானவள் என்றெல்லாம் எழுதச் சொன்னான் தாடிக்காரன். எழுதினாள். படித்துப் பார்க்கையில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, சந்தைக்குப் போகிற மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவுகிற வேலையைத் தனக்குத் தானே செய்துகொள்வது மாதிரி. செந்தூர்வேல் படுத்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். "மெஷின் தள்ளிருதுல்லா. நீ என்ன செய்வே, பாவம்" என்று தலையைத் தடவிக் கொடுப்பார். அந்தத் தடவலில் இவளுக்கு அழுகை வந்துவிடும்.

இப்போது பேக்கரியில் விஜிலா எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள். மூக்கு போயிற்று, பார்டர் போயிற்று, கட்டங்களும் போயின. ஹெட்டருக்குள் இருந்ததைக் கீழே இறக்கி, இடது ஓரமாக, பெயரை ஒரே வரியில் பெரிதாகப் போட்டாள். அடுத்த வரியில் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன். யாருடைய மனைவி என்ற வரியை அழிக்கும்போது உமாராணியின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அடுத்து நம்பர். தனி வரி, தொட்டால் உடனே போன் போகிற மாதிரி. அங்கேதான் விஜிலாவின் விரல் நின்றது.

"இது யாரு நம்பருளா?"

"அவுக நம்பரு."

விஜிலா அந்த நம்பரை வாட்ஸாப்பில் போட்டுப் பார்த்தாள். முருகன் படமும் அதற்குக் கீழே 'செந்தூர்வேல் ஸ்டோர்' என்ற போர்டும் வந்தது. "மாதாவே!" என்று நெற்றியில் கை வைத்தாள். "ஹெச்.ஆரு மெசேஜ் அனுப்பப் போனா துவரம்பருப்புக் கடை வருது. வேலைக்கு வாறது நீயா ஒன் புருசனா? ஒன் நம்பரப் போடு."

போட்டாள். போடும்போது அடுப்படிச் சம்புடத்திலிருந்து சொல்லாமல் காசு எடுக்கிற மாதிரி இருந்தது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். வந்ததும் அவர் கடை லோடு விஷயமாகக் கத்திக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பழைய ஆபீஸ்களுக்கே புதுசை அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து, முற்பகலில், சாளை மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கையெல்லாம் செதிள். சுண்டுவிரலால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"உமாராணி மேடமா? நான் ஜெப்ஸி, ஃபிரெய்ட் ஆபீஸ் ஹெச்.ஆர்." கம்பெனிப் பெயரையும் சொன்னாள். உமாராணி முதலில் அனுப்பிய இடங்களில் அது ஒன்று. அடுத்து ஜெப்ஸியின் குரல் தணிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனவர்கள் பேசுகிற குரல். "இப்ப உடம்பு பரவாயில்லையா மேடம்?"

"எனக்கா? எனக்கு என்ன?"

ஜெப்ஸி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இல்ல மேடம்... பங்குனியில நாங்க கூப்பிட்டப்போ உங்க சார் எடுத்தாங்க. உங்களுக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க, வருசம் பூரா பெட்ரெஸ்ட்டுன்னு சொன்னாங்க. அதுக்கு முன்னால ஒருதரம் கூப்பிட்டப்போ வெளியூர்ல இருக்காங்க, வேலை வேண்டாம்னாங்க. எங்க சாஃப்ட்வேர்ல ரெண்டு தடவையும் நீங்கதான் மேடம் மொதல்ல வந்தீங்க. எங்க சாருக்கு விட மனசில்ல. இப்ப வேற நம்பரோட வந்திருக்கவும், ஒருவேள சரியாயிட்டுதோன்னு..."

"எனக்கு ஆபரேஷன் ஒண்ணும் ஆகல" என்றாள் உமாராணி.

ஜெப்ஸி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் மானத்தை வாங்கியது. வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ என்றாள். வாரேன் என்றாள் இவள். போன் தானாக அணைந்தது.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. செதிள் ஒட்டின கை தன்னை அறியாமல் அடிவயிற்றில் போய் இருந்ததை உமாராணி அப்புறம்தான் பார்த்தாள். சீ என்று கையை உதறினாள். இருக்கிற கர்ப்பப்பையை வாயாலேயே அறுத்து எடுத்து முகம் தெரியாத ஆபீஸ்காரர்கள் முன்னால் வைத்திருக்கிறான். ஒரு பொம்பளையைப் பற்றி அவளுக்கு வேண்டாதவன்கூடச் சொல்லக் கூசுகிற பேச்சு. அதைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள் என்று தேடிப் பிடித்திருக்கிறான். எங்கே நின்று சொல்லியிருப்பான்? கடையில்தான். வத்தல் மூட்டைக்கும் சீனி மூட்டைக்கும் நடுவில், வேலைக்காரர்கள் காது கேட்க. சொல்லிவிட்டு அன்றைக்குச் சாயங்காலமும் வந்து, மெயில் வந்துச்சா என்று கேட்டிருப்பான், இல்லை என்றதும் தலையைத் தடவியிருப்பான். தலை மயிரெல்லாம் பிசுபிசுவென்று இருப்பது போலத் தோன்றியது அவளுக்கு. அந்தத் தடவலுக்கு அழுதோமே என்று நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை. த்தூ என்று தொட்டித் தண்ணீரில் துப்பினாள். சாஃப்ட்வேர் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. இரண்டு தடவையும் அவளை முதல் ஆளாக எடுத்து வைத்திருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனை மனசுக்குள் 'அவன்' என்று நினைத்தது இதுதான் முதல் தடவை. அது அவ்வளவு லேசாக வந்ததில் அவளே கொஞ்சம் திகைத்துப்போனாள்.

மீனைக் கழுவி முடித்தாள். புளி கரைத்தாள். குழம்பு வைத்தாள். ஒன்றிலும் கை தவறவில்லை.

மதியம் செந்தூர்வேல் வந்து, கால் கழுவி, சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். செல்லை எப்போதும்போல இலைக்குப் பக்கத்தில் மல்லாக்க வைத்தான். சோற்றைப் பிசைந்தான். சாளையை வாயில் போட்டு முள்ளைச் சப்பி இழுத்து, இலை ஓரத்தில் வரிசையாக வைத்தான். அந்தச் சப்புகிற சத்தத்தை அவள் எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறாள், இன்றைக்குத்தான் அது காதுக்குள் ஈரமாக வந்து விழுந்தது. உதட்டோரத்தில் குழம்பு எண்ணெய் மினுங்கியது. அந்த வாய்தான். அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, மெயில் எதுவும் வந்துச்சா?" என்று கேட்டான், முள்ளை எடுத்துக்கொண்டே. அதே குரல், அதே பாவம் பார்க்கிற இழுவை.

"மெயில் வரல. போன் வந்துச்சு. வியாழக்கிழம இன்டர்வியூ."

கை சோற்றுக்குள்ளேயே நின்றது.

"எந்த நம்பருக்கு?"

எந்தக் கம்பெனி, எங்கன இருக்கு, என்ன சம்பளம் என்று எதுவும் இல்லை. கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. கண் இலைக்குப் போயிற்று. அவனாகவே பேச ஆரம்பித்தான். "நான் ஒனக்காவத்தான்... பாப்பா சின்னப் பிள்ள... கடைத்தெருவுல என்ன சொல்லுவான், பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பிச் சாப்பிடுதான்னுல்லா சொல்லுவான்... ஒனக்கு என்ன கொற வச்சேன் இங்கன, சொல்லு..."

"கர்ப்பப்பைய எடுத்தாச்சுன்னு சொன்னீங்களாமே."

"ஏ... அது சும்மா, வாய்க்கு வந்தது..."

உமாராணி தன் செல்லை எடுத்தாள். பழைய ரெஸ்யூமை அவள் இன்னும் அழிக்கவில்லை. திறந்ததும் திரை முழுக்க மாவு பூசின மூக்கு வந்தது. தள்ளினாள். துண்டாகிக் கிடந்த பெயர் வந்தது, யாருடைய மனைவி என்ற வரி வந்தது, வெற்றுக் கட்டம் வந்தது, அதற்குப் பக்கத்தில் அந்த நம்பர். அதை விரலால் தொட்டாள்.

இலைக்குப் பக்கத்தில் அவன் செல் அடித்தது. முருகன் பாட்டு. திரையில் 'வீடு' என்று வந்தது. கல்யாணமான புதிதில், தன் நம்பரை அவன் அப்படிப் பதிந்து வைத்திருந்ததைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். செந்தூர்வேல் செல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எச்சில் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் இலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். முழங்கை வழியாகக் குழம்பு இறங்கியது. "கட் பண்ணுளா" என்றான் மெதுவாக. அவள் பண்ணவில்லை. பாட்டு முடிந்து செல் அடங்கியதும் அந்த நம்பரை மறுபடியும் தொட்டாள். 'வீடு' என்ற எழுத்து திரும்பவும் வந்து மினுங்க, செல் அதிர்ந்து அதிர்ந்து மேஜைமேல் நகர்ந்து, வரிசையாக வைத்த முட்களுக்குள் போய் முட்டிக்கொண்டு நின்று அடித்தது.