ஏழு பேருக்கு ஒரே மூச்சு

வஞ்சுளவல்லி மேடம் மடிக்கணினியைத் திருப்பி வைத்தபோது ஏழு வரிசைகள் மஞ்சள் அடித்துக் கிடந்தன. நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தேழு வரை. முத்துப்பேச்சி குனிந்து அந்த எண்களைப் படித்தாள். மதுரையில் உயிர்ப்புள்ளியியல் முதுகலை, இரண்டாம் வருஷம். ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள்தான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற தன் வீட்டுக்கே வழிகாட்டி மேடம் வரச் சொன்னபோதே, ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துதான் பஸ் ஏறியிருந்தாள்.

"உயரத்தைப் பாரு. ஒருத்தி நூத்தி நாப்பத்தஞ்சு, ஒருத்தி நூத்தி அறுபத்திரண்டு. வயசு இருபத்திநாலும் இருக்கு, அம்பத்தொண்ணும் இருக்கு. ஊதினது மட்டும் எல்லாருக்கும் நானூறு, நானூத்திப் பத்து. ஏழு பேருக்கும் ஒரே நெஞ்சாம்மா?"

மேடம் பேனா முனையால் ஏழு வரிசையையும் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"ஒருத்திதான் ஊதியிருக்கா. அப்போ நீ எங்க இருந்தே?"

எங்கே இருந்தாள்? திரைக்கு இந்தப் பக்கம் இருந்தாள். சொந்த ஊரான இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டிச் சுருட்டுகிற பெண்கள் அறுபது பேரின் மூச்சை அளந்து, பஞ்சுத் தூசி அவர்களை என்ன செய்திருக்கிறது என்று சொல்வதுதான் அவளுடைய ஆய்வு. சாண் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். முழு மூச்சையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் முள் ஓடிப்போய் ஓர் எண்ணில் நிற்கும். அதை மூன்று தரம் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கன்னம் உப்பிக் கண் பிதுங்க ஊதுவதை நாலு பேர் பார்க்க யாருக்குச் சம்மதம்? அதுவும் சூப்பர்வைசர் வாசலிலேயே நிற்கும்போது? 'நீ பாக்காதட்டி, சிரிப்பாணி வருது' என்றார்கள். எல்லாரும் அவள் அத்தை, சித்தி, மதினி என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். மரியாதை தெரிந்த பிள்ளை அல்லவா? புண்ணுக்குக் கட்டுகிற கம்பெனியின் காஸ் துணியையே இரண்டு மடிப்பாகக் கட்டித் திரை விட்டாள். திரைக்கு அடியில் நீட்டப்பட்ட குழாயைப் பார்த்து, தலை நிமிராமல் எண்களை எழுதினாள். இன்னொரு ஊர்ப் பெண்ணாக இருந்திருந்தால் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"இந்த ஏழையும் வெச்சுண்டா பாதிப்பு இல்லேன்னு வரது. எடுத்துட்டா இருக்குன்னு வரது. திரும்ப அளந்துதான் ஆகணும்" என்றார் மேடம். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. பேச்சியின் கண் மூன்றாவது வரிசையை விட்டு நகரவில்லை. தாளில் பெயர் கிடையாது, வெறும் எண்தான். ஆனால் நாற்பத்து மூன்று என்று எழுதிய சீட்டை யார் கையில் கொடுத்தோம் என்பது அவளுக்குத் தெரியும். அது அவளைப் பெற்ற பரிபூரணம்.

அம்மாவுக்கு ஒரு வருஷமாக இருமல். கேட்டால் தாளித வாசனை என்பாள், பனி என்பாள், ஊதுபத்தி என்பாள். நானூற்றுப் பத்து என்று எழுதிய அன்றுதான் பேச்சி விடுதியில் நிம்மதியாகத் தூங்கினாள். அம்மாவின் உயரத்துக்கும் வயதுக்கும் முந்நூற்று நாற்பது வந்தாலே பெரிது. எழுபது கூட வந்திருக்கிறதே, எப்படி என்று அவள் கேட்கவில்லை. உழைத்த உடம்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். அம்மா என்றதும், கணக்குப் படித்த புத்தி புல் மேயப் போய்விட்டது.

இராஜபாளையம் பஸ் வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டும்போதும் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். முந்நூறு இருந்தால் மாத்திரை. இருநூற்றைம்பது இருந்தால் பெரிய ஆஸ்பத்திரி. இருநூற்றுக்குக் கீழே என்றால் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். போன மாதம்தான் தன் கையால் அதற்கு ஓர் அட்டவணை போட்டிருந்தாள். படிக்காதவளாக இருந்திருந்தால் பயம் இத்தனை விவரமாக இருந்திருக்காது.

ஏழு பேருக்கும் ஊதியது யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு நெஞ்சு பியூலாவுக்குத்தான் உண்டு. சபையில் அவள் பாட்டெடுத்தால் தெருமுனை வரை கேட்கும். ஆராதனை முடிந்து வெளியே வந்தவளைச் சபை வாசலிலேயே மறித்தாள் பேச்சி.

"சித்தி, எங்கம்மாவுக்கு நீங்கதான் ஊதுனீங்களா?"

பியூலா அவளைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனாள். "மூச்சு கம்மியா இருக்கவள வீட்டுக்கு அனுப்பிருவாகன்னு ஒரு பேச்சு வந்துச்சு தாயி. மத்தவளுக அழுதாளுக. ஒங்கம்மா அழல. 'எம்மக கையால எம் மூச்ச எழுதக் கூடாது'ன்னு மட்டும் சொன்னா."

"அம்மா மொதல்ல ஊதிப் பாத்தாகளா?"

"பாத்தா."

"எம்புட்டு வந்துச்சு?"

"அத எங்கிட்டக் கேக்காத."

பேச்சி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். தெருவுக்குள் நுழையும்போதே அம்மா தெரிந்தாள். மாடிப்படியில் பாதி ஏறி, இடுப்பில் குடத்தோடு, சுவரில் கை ஊன்றி நின்றாள். எப்போதும் அந்தப் படியில்தான் நிற்பாள், பக்கத்து வீட்டு மகாலட்சுமியோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் மேலே ஏறுவாள். வாயாடி அம்மா என்று பேச்சி எத்தனை தரம் கேலி செய்திருக்கிறாள். இன்று மகாலட்சுமி வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள்.

பேச்சி குடத்தை வாங்கி மேலே வைத்தாள். பையிலிருந்து குழாயை எடுத்து, புது அட்டை வாய் ஒன்றைச் சொருகி, நீட்டினாள். பரிபூரணம் அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"பியூலா சொல்லிட்டாளாக்கும்."

"ஊதும்மா."

"பரீட்ச முடியட்டும்ட்டி. பொறவு ஊதுதேன்."

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள் பேச்சி. சின்னப் பிள்ளையில் இடி இடித்தால் சொல்வாளே, அதே சொல்.

அதற்கு மேல் பரிபூரணம் மறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எழுந்து நின்று, கண்ணை மூடி ஊதினாள். சத்தம்கூடச் சரியாக வரவில்லை. வந்ததெல்லாம் இருமல்தான், விட்டு விட்டு, ஆளையே குலுக்கி எடுத்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மற்றதால் தண்ணீர் என்று சைகை காட்டினாள். குழாயை மட்டும் கையை விட்டு விடவில்லை.

பேச்சி அடுப்படிக்கு ஓடினாள். செம்பில் தண்ணீர் மொண்டாள். திரும்பி வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அம்மா குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அடியோடு ஒட்டிக் கிடந்த முள்ளைக் கட்டைவிரலால் மெல்ல மேலே தள்ளிக்கொண்டிருந்தாள்.

மகள் பார்த்துவிட்டதை அவள் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை.

"எம்புட்டுல நின்னா நீ பயப்பட மாட்ட?" என்று கேட்டாள். எண் படிக்கத் தெரியாத அவளுடைய கட்டைவிரல் கோடு கோடாக நகர்ந்தது.