கீழ் அடுக்கில் கிடந்தவர்கள்

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. நாற்பத்தொரு கோப்புகளைக் கீழ் அடுக்கில் திரும்பச் செருக வேண்டும். அதற்குத் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கச் சுவர்தான் துணை. இருபது வருடம் மூட்டை தூக்கியவனுக்கு ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் வேலை கிடைத்தபோது, உட்கார்ந்து தின்கிற வேலை என்றார்கள் வீட்டில். வந்து பார்த்திருக்க வேண்டும்.

கோப்புகளைக் கேட்டவர் இதய டாக்டர். மாரடைப்புக்குப் பிறகு சிலருக்கு இதயத்தின் நுனி அசையாமல் கிடக்கும். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாக உறையும். யாருக்கு அப்படி உறைகிறது, உறைந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் அந்த அம்மாவின் ஆராய்ச்சி. ஆறு வருடத்தில் அப்படி உறைந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நான் வாசிப்பேன், அவர் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்: வயது, சர்க்கரை, வலி எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து வந்தார், இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது. கடைசியாக அவர்களில் இறந்தவர்களின் கோப்புகளைக் கேட்டார். இறந்தவர்களுக்கான கீழ் அடுக்கில் கிடந்த நாற்பத்தொன்றையும் அப்படியே வழித்துக் கொடுத்தேன்.

இப்போது ஒரு கோப்பின் நூல் அவிழ்ந்து தாள்கள் கொட்டின. பொறுக்கி அடுக்கினால், இறப்புத் தாளைக் காணோம். அடுத்ததிலும் காணோம். அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடம் எட்டிப் பார்க்காதவர்களின் கோப்பையும் இடம் போதாமல் இறந்தவர்களோடு சேர்த்துக் கீழே தள்ளுவது எங்கள் அறை வழக்கம். தள்ளியதும் நான்தான். எண்ணினேன். இருபத்துநான்கு பேரை விசாரிக்காமலே சாகடித்திருந்தோம். வெள்ளிக்கிழமை டாக்டர் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

போய்ச் சொன்னேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அஞ்சு பேர்ல ஒருத்தர் செத்துடறாங்கன்னு எழுதி வெச்சிருக்கேன்ணே. ஏன் இவ்வளவு அவசரமா சொல்றீங்க? அச்சுல வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே?"

கிண்டல் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கட்டுரையை நிறுத்திவைத்தார். மூன்று நாள் போன் போட்டோம். முதலில் எடுத்தவர் ஒரு கொத்தனார்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறேங்க. நல்லா இருக்கீங்களா?"

"சாரத்து மேல நிக்கிறேன். மூணு வருஷம் கழிச்சு விசாரிக்கிறியா? என் மச்சான்கூட இவ்வளவு லேட்டா வந்ததில்லையே!"

டாக்டர் போனைப் பிடுங்கினார். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்தோமே, சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு மாசம் சாப்பிட்டேன்மா. பல்லு விளக்குனா ரத்தமா வந்துச்சு, விட்டுட்டேன். அங்க வந்து கேக்கலாம்னா ஒருநாள் கூலி போயிடுது."

"மொதல்ல கீழ இறங்குங்க."

"கலவை இறுகிடும்மா!"

பத்தொன்பது பேர் உயிரோடு பேசினார்கள். சிலர் திட்டினார்கள், அதுவும் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. இரண்டு வீடுகளில் மனைவிமார் எடுத்து, இறந்த தேதியைச் சொன்னார்கள். மூன்று எண்கள் புழக்கத்தில் இல்லை. இறந்தவர் கணக்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே வந்தது.

"என் ஆராய்ச்சி சப்புன்னு ஆயிடுச்சுண்ணே," என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டேதான் திருத்தினார். தகவல் கிடைக்காதவர் மூவர் என்றும் தனியாக எழுதினார்.

அடுத்த வாரம் கொத்தனார் சிமெண்ட் படிந்த கையோடு வந்தார். ஸ்கேனில் இதயத்துக்குள் கட்டி இல்லை, கரைந்திருந்தது.

"அப்ப மூணு வருஷமா சும்மாதான் பயந்தேனா?"

"பயந்த ஆளு ஏன்யா சாரத்துல ஏறுனீரு?" என்றேன்.

"பயத்தை வறுத்தா திங்கறது?"

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கட்டுரை போய்விட்டது. பத்தொன்பது கோப்புகளையும் மேல் அடுக்கில் ஏற்றிவிட்டேன். கொத்தனார் போக மற்றப் பதினெட்டுப் பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். கட்டி கரைந்ததா, அங்கேயே குந்தியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. அவர்கள் கணக்கில் இந்த ஆஸ்பத்திரி தர வேண்டியது பதினெட்டு ஸ்கேன்.