குருவிக்கு ஓர் ஆமென்

மலையாள ராஜ்யத்தின் தென் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் பாறசாலைத் தெருவெல்லாம் கோஷம் போட்ட ராஜையாவைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவர் எங்கும் போகவில்லை. சொந்த வீட்டு மச்சில் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் படுத்திருந்தார். மண்ணை விட்டு ஓடுவதா என்றார். அவரைப் போகவிடாதது கீழே கூண்டில் இருந்தது என்று மனைவி ஆனந்தபாய்க்குத் தெரியும்.

அம்பூரிக்கு மேலே மழைக்காட்டில் அவர் பிடித்து வந்த குருவி. கறுத்த தலை, மஞ்சள் வயிறு, வெற்றிலைச் சாறு வழிந்ததுபோல் தொண்டையில் சிவப்பு. அவர் குரல் கேட்டால்தான் பாடும். அவர் மச்சேறி வாயை மூடியதும் அதுவும் மூடிக்கொண்டது, பழத்தைக்கூடத் தொடவில்லை. இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இறங்கிவிடுவார்.

சாயங்கால ஜெபத்துக்கு அவள் முழங்காலிட்ட நேரத்தில் ஹெட் கான்ஸ்டபிள் விஜயதாஸ் வந்தார். அவரும் சபைக்காரர்தான். ஜெபத்தை யாரும் குறுக்கே நிறுத்தமாட்டார்கள். தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மச்சுக்குப் பின்பக்கம் ஏணி உண்டு. ஜெபம் நீண்டால் மனுஷன் இறங்கித் தப்பிவிடலாம். ஆனந்தபாய் ஜெபத்தை நீட்டினாள். போதகருக்காக ஜெபித்தாள். மழைக்காக, மரச்சீனிக் கிழங்குக்காக, போலீஸ்காரர்களின் பிள்ளைகளுக்காக ஜெபித்தாள். தன் முழங்கால் முட்டுவேதனைக்காகக் கொஞ்சம் உருக்கமாகவே ஜெபித்தாள். ஒவ்வொன்றுக்கும் விஜயதாஸ் முறைப்படி "ஆமென்" சொன்னார். ஏணி அசையவில்லை.

கடைசியில் ஜெபிக்க எதுவும் மிஞ்சவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஆண்டவரே, தீனி எடுக்காமல் வாடுகிற இந்தச் சின்னக் குருவியையும் காத்துக்கொள்ளும்."

"ஆமென்" என்றது மச்சு.

விஜயதாஸ் கண்ணைத் திறந்தார். அவர் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலுக்குக் குருவி பாடத் தொடங்கிவிட்டது.

ராஜையா தலையெல்லாம் ஒட்டிய தேங்காய்ச் சவுரி நாரோடு இறங்கி நேரே கூண்டுக்குப் போனார்.

"தீனி எடுக்கல்லியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே, ஆனந்தம்."

"எனக்க முட்டுக்கும் ஜெபிச்சேன். அதுக்கு ஆமென் சொன்னது இந்த சாராக்கும். நீரு இல்ல."

விஜயதாஸ் தொப்பியைத் துடைக்கத் தொடங்கினார்.

"கொண்டு போங்க சாரே" என்றாள் ஆனந்தபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கூண்டையும் சேத்து."