பரணில் சனிக்கிழமைக் குளியல்

அக்டோபரில் அடக்கம் செய்யப்பட்ட தாய்ஸ்டோ, டிசம்பர் முதல் சனிக்கிழமையன்று தன் வீட்டுப் பரணில் அடுப்பு மூட்டிச் சவுனா என்னும் நீராவிக் குளியலைத் தொடங்கினான். உயிரோடு இருந்தபோதும் அவன் சனிக்கிழமையைத் தவறவிட்டதில்லை என்பதால் எங்கள் ஏரிக்கரை ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம் தெருவரை கேட்டது. தொந்தரவு கூரையில்தான் வந்தது.

பரண் சூட்டில் கூரைமேல் கிடந்த பனி அடியிலிருந்து உருகியது. அந்தத் தண்ணீர் சரிந்து இறங்கி, சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த, சூடு எட்டாத விளிம்பில் போய் உறைந்தது. அந்தப் பனிக்கட்டி வாரா வாரம் வளர்ந்து முழங்கால் உயர அணையாயிற்று. பின்னால் வந்த தண்ணீருக்குப் போக்கிடமில்லை. தேங்கி, ஓடுகளுக்கடியில் புகுந்து, அவன் மனைவி லெம்பியின் படுக்கைக்கு நேர் மேலே ஒழுகியது.

பக்கத்து வீட்டு ரெய்னோ ஞாயிறுதோறும் ஏணி போட்டு ஏறி அணையை வெட்டினான். அடுத்த சனிக்கிழமை அது திரும்பி வந்தது.

"பனிக்கட்டிய வெட்டி என்ன பிரயோசனம், தாயே? பரண் குளுந்து கெடந்தாத்தான் பனி பனியா இருக்கும். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் காத்து விடணும். இல்லேன்னா மேற்பலகை ஊறி உன் தலையிலதான் விழும்."

"அவருக்குக் குளுருமே, ரெய்னோ."

"செத்தவனுக்கு என்ன குளுரு? போதும், எறங்கி வான்னு சொல்லு."

"நீ போய்ச் சொல்லேன் பாப்போம்."

சவுனாவில் உட்கார்ந்திருப்பவனை எழுந்து வரச் சொல்வது எங்கள் ஊரில் தேவாலயத்தில் சீட்டியடிப்பதைவிடக் கேவலம். பாதிரியாரிடம் கேட்டார்கள். அவர் வெகுநேரம் யோசித்து, அவனே முடித்துக்கொண்டு வரட்டுமே என்றார். பிப்ரவரிக்குள் மேற்பலகை சினைப்பசுவின் வயிறுபோலத் தொங்கிவிட்டது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை ரெய்னோ பரணில் ஓட்டை போட ரம்பத்தோடு வந்தான். லெம்பி அவனை வாசலில் நிறுத்திவிட்டு, தானே சொல்லிவிடுவதென்று மேலே ஏறினாள். சொன்னால் ஒரேயடியாகப் போய்விடுவானோ என்று அவளுக்குப் பயமாயிருந்தது. பரண் கதவைத் திறந்தாள். ஆவிக்குள்ளிருந்து, கல்யாண நாள் முதல் கேட்டுச் சலித்த குரல் சிடுசிடுத்தது.

"கதவச் சாத்துடி, சூடெல்லாம் வெளிய போவுது!"

லெம்பி சாத்தினாள், உள்ளே நின்றுகொண்டு.

ரெய்னோ கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ரம்பத்தோடு வீட்டுக்குப் போனான். மேற்பலகை மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விழுந்தது. படுக்கையில் யாரும் இல்லை.