பூரிப்பு

சலவைக் கூடத்தில் அவளுக்குப் பூனை என்று பேர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அப்படி ஒரு நடை. ஏழாம் மாதத்தில் அந்தப் பேருக்கு ஆபத்து வந்தது. பாதம் வீங்கித் தன் செருப்புக்குள் நுழைய மறுத்ததும், புருஷனின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு சளக் சளக் என்று வேலைக்கு வந்தாள்.

"அடியே, நம்ம பூனை வாத்தாயிட்டா!" என்றாள் மடிப்பு மேசை அக்கா. கூடமே சிரித்தது. அவளும்தான்.

"சிரிக்காதீங்கடி. முகத்தைப் பாருங்க, எப்படிப் பூரிச்சுக் கெடக்கு!" என்றாள் இன்னொருத்தி.

பூரிப்பு. சின்ன வயதிலிருந்து ஒட்டடைக் குச்சி என்றே கேட்டு வளர்ந்தவள். கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் தன் உப்பிய கன்னங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ ஒரு அழகி எட்டிப் பார்ப்பது போலிருந்தது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

"செருப்பைப் புடுங்கிட்டே, அழகையும் புடுங்கிட்டே. எனக்கு என்னடி மிச்சம்?" என்றான் வேன் ஓட்டுகிற அவன். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உதை வந்தது. "பாரு, உள்ள இருக்கறவங்க பதில் சொல்றாங்க" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது வியாழக்கிழமை காலையில் மட்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். முன்பு ஒரே ஒரு தடவை போயிருந்தாள். மாதாமாதம் வந்து பிரஷர் பார்க்கணும் என்றார்கள். திரும்பி வந்தபோது சூப்பர்வைசர், "அடுத்த வாட்டி லீவுன்னா அப்படியே வீட்ல இருந்துக்கோ" என்றார். அடுத்த வியாழன், அதற்கடுத்த வியாழன் என்று அவளும் தள்ளிக்கொண்டே வந்தாள். தலை பிளந்தது, நீராவிச் சூடு என்று நினைத்தாள். கண்ணுக்குள் பொறி பறந்தது. பசி என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை அவள் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்துப் புருஷன் வண்டிச் சாவியை எடுத்தான். "வா, காட்டிட்டு வந்துடலாம்."

"இன்னைக்கு யாரு பார்ப்பாங்க? வியாழக்கிழமைதானே? அன்னைக்கு வேலை போனாலும் பரவால்ல, போயிடலாம்."

அவன் சாவியை மறுபடி ஆணியில் மாட்டினான்.

புதன்கிழமை படுக்கை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. வயிறு தளர்ந்து கிடந்தது. புருஷன் ஜன்னலைப் பார்த்தபடி நின்றான்.

"பொண்ணு" என்றான்.

"அழுதாளா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்று.

நர்ஸ் வந்து பிரஷர் பட்டையைக் கையில் சுற்றினாள். "முகமெல்லாம் வீங்கியிருக்கே, எப்பலேருந்தும்மா?"

"அது வீக்கமில்லம்மா. பூரிப்பு."

நர்ஸ் பட்டையைத் தளர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பிரஷர் ஏறினா இப்படித்தாம்மா ஊதும். தலையும் வலிச்சிருக்குமே, அப்பவே ஓடி வந்திருக்கலாமே."

"அன்னைக்கு வியாழக்கிழமை இல்லையே."

"அவசரத்துக்கு இங்க எந்த நாளும் பார்ப்பாங்களேம்மா. ராப்பகலா கதவு தெறந்துதான் கெடக்கு."

"யாரும் சொல்லலையே" என்றாள் அவள். கோபமில்லை, வழி விசாரிக்கிற குரல்.

வீட்டுக்குப் போகிற நாளில் புருஷன் பையிலிருந்து அவளுடைய பழைய செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தான். எல்லா வீக்கமும் வடிந்திருந்தது. கால் சரியாக உள்ளே போயிற்று. அதுவரை அழாதவள், அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் வாய்விட்டு அழுதாள்.

மறுபடி வேலைக்குப் போன அன்று மதிய இடைவேளை. இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. மடிப்பு மேசை அக்கா ஏதோ உணர்ந்து திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், ஒட்டிய கன்னத்தோடு.

"ஐயோ, எப்படி வந்தே? சத்தமே கேக்கலையேடி" என்ற அக்கா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.