தாய்மாமன் ஏசல்

"இந்தத் தாலாட்ட எம்மக ஜான்சி தொட்டில்ல கெடக்கும்போது எழுதுனேன்" என்று வைகுண்டராஜ் அண்ணாச்சி லோக்கல் கேபிள் டி.வி.யில் சொன்னபோது நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோனது. நான் டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனுஷனுக்குக் கூச்சம் என்று ஒன்று கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

அது என் பாட்டு. என் மகள் ரஃபியா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, அவள் தூங்கட்டும் என்று நான் கட்டிய பாட்டு. மூன்று வயதில் அவள் மௌத்தாகிவிட்டாள். அடுத்த வருஷம், 1999-இல், தேனி பஜாரில் அண்ணாச்சி நடத்தும் ரெக்கார்டிங் கடைக்குப் போய் அந்தப் பாட்டைக் கொடுத்தேன். ஐந்நூறு ரூபாய் தந்தார். கேசட் அட்டையில் என் பேர் வரும் என்றார். அவர் பேர்தான் வந்தது. கேசட்டை எத்தனை பேர் வாங்கிவிடப் போகிறார்கள், ஒழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

செல்போன் வந்துதான் குடியைக் கெடுத்தது. போனில் கூப்பிடுகிறவன் காதில் மணிக்குப் பதிலாகப் பாட்டு கேட்கும், அதற்கு மாசம் முப்பது ரூபாய், பேர் காலர் டியூன். அண்ணாச்சி என் தாலாட்டைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்து, மாசாமாசம் பங்கு வாங்கினார். கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளை பெற்ற வீடெல்லாம் அதையே வைத்தார்கள். எனக்கு உத்தமபாளையத்தில் தையல் கடை. பிளவுஸ் தைத்தாயிற்று என்று சொல்ல யாரைக் கூப்பிட்டாலும் என் பிள்ளையின் பாட்டு. அவர்கள் எடுத்து ஹலோ என்றதும் நான் போனை வைத்துவிடுவேன்.

தேனிக்குப் போய் அவர் கடையிலேயே கேட்டேன்.

"வெலைக்குக் குடுத்த பாட்டு, லத்திபாம்மா. வித்த மாட்டோட பாலப் போயி கேப்பியா?" என்றார்.

"காசு கெடக்கட்டும் அண்ணாச்சி. எம்புள்ள பாட்டுன்னு சொல்லுங்க. எழுதுனது லத்திபான்னு ஒரு தடவ டி.வி.ல சொல்லுங்க, போதும்."

"கம்பெனில எம் பேருக்குத்தான் ரெஜிஸ்டர் ஆயிருக்கு. மாத்துனா வரவு நின்னுபோகும். போயி தையலப் பாரு."

பஸ் வீரபாண்டி தாண்டும்வரை வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

தை மாசம் அவரே கூப்பிட்டார். கல்யாண சீசன், கம்பெனி பாட்டுக் கேட்கிறது, நலுங்கோ ஏசலோ எதுவானாலும் கொடு என்றார். வெட்கங்கெட்ட ஜென்மம். சரி என்றேன்.

ஏசல் தெரியும்தானே? கல்யாண வீட்டில் பொம்பளைகள் கூடி உட்கார்ந்து, சம்பந்தி வீட்டு ஆட்களை முகத்துக்கு நேராகக் கேலி செய்து பாடுவது. எவ்வளவு சுருக்கென்று பாடினாலும் கோபப்படக் கூடாது. சிரித்துக்கொண்டே வெற்றிலை பாக்கில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சலுகை பந்தலுக்குள் மட்டும்தான். வெளியே வந்து அதே வரியைப் பாடினால் வெட்டுக்குத்துதான். பஜாரிலேயே வளர்ந்த அண்ணாச்சிக்கு ஏசலின் மெட்டுத் தெரியும், இந்தக் கட்டுப்பாடு தெரியாது.

பக்கத்து ஊரான தேவாரத்தில் சுந்தர்ராஜ் என்று ஒருவர் வட்டிக்கு விடுகிறார். தங்கச்சி மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீராகச் சபையில் சங்கிலியை வைத்தவர், பந்தி முடிவதற்குள் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அது வாடகைச் சங்கிலி. கல்யாணப் பெண்ணுக்கு நான்தான் பிளவுஸ் தைத்தேன், அவளே என்னிடம் சொல்லி அழுதாள். தேவாரமே அறிந்த கதை, ஆனால் அவர் காதுபட எவனும் மூச்சுவிட மாட்டான். நான் விட்டேன்.

சபைக்கு வந்த தாய்மாமன்
தட்டுல வச்ச சங்கிலி
சாப்பாடு முடியும் முன்ன
சட்டப்பைக்குப் போனதென்ன

நான் பாடிக் காட்டியபோது அண்ணாச்சி வார்த்தையைக் காதில் வாங்கவே இல்லை. தாளத்துக்கு மேஜையைத் தட்டினார். "பேரு என்னம்மா செய்ய?" என்றார்.

"உங்க பேரே இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்கெதுக்கு?"

"இப்பத்தான் பொழைக்கத் தெரிஞ்சவளாப் பேசுற" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாட்டு வந்ததும் தேவாரத்தில் சுந்தர்ராஜிடம் கடன்பட்டவன் ஒருத்தன் பாக்கியில்லாமல் அதைத்தான் வைத்தான். வட்டி கேட்டு அவர் யாருக்குப் போன் போட்டாலும் காதில் சங்கிலிப் பாட்டு. டீக்கடை மலைச்சாமி என் கடைக்கு வந்து, "முந்தியெல்லாம் அவர் கூப்பிட்டா ஒடனே எடுப்பேன்க்கா. இப்ப பாவம், பாட்ட முழுசாக் கேக்கட்டும்னு விட்டுர்றேன்" என்றான். எனக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது.

ஒரு பகல் நேரம், என் கடை வாசலில் ஒரு சுமோ வந்து நின்றது. சுந்தர்ராஜ் இறங்கினார். பின்னாலேயே இரண்டு பேர் அண்ணாச்சியை இறக்கினார்கள். சட்டையில் பொத்தான் இல்லை, உதடு வீங்கியிருந்தது.

"இந்தா பாயம்மா" என்றார் சுந்தர்ராஜ். "என்னையப் பத்திப் பாட்டெழுதுனது இவருன்னு கம்பெனில சொன்னாக. இவரு என்னடான்னா நீ எழுதுனதுன்னு கைகாட்டுறாரு."

"சத்தியமா இவதாங்க எழுதுனா" என்றார் அண்ணாச்சி. "எனக்கு ஒரு வரிகூட எழுத வராதுங்க. தாலாட்டும் இவ பாட்டுத்தான்."

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. நான் கேட்டேன்: "அந்தத் தாலாட்டு யாரு புள்ளைக்கு எழுதுனது அண்ணாச்சி? அதையுஞ் சொல்லிருங்க."

"ஒம்மக ரஃபியாவுக்கு" என்றார். அழுதார்.

பத்து வருஷமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. தெருவே கேட்டது. ஆமாம், இரண்டுமே நான் எழுதியதுதான் என்று சொன்னால் அவரை விட்டுவிடுவார்கள். பொம்பளை மேல் சுந்தர்ராஜ் கை வைக்கப் போவதில்லை, திட்டிவிட்டுப் போவார். அண்ணாச்சி என் முகத்தையே பார்த்தார். எனக்கோ டி.வி.யில் அவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜான்சி பேரைச் சொன்னதுதான் கண்முன் நின்றது.

"தாலாட்டு என்னோடதுதாங்க" என்றேன். "ஏசல் அண்ணாச்சி எழுதுனது. புள்ளையப் பறிகொடுத்தவ நான், கல்யாணப் பாட்டா எழுதுவேன்?"

"அடிப்பாவி" என்றார் அண்ணாச்சி.

சுந்தர்ராஜ் அவர் தோளில் கையைப் போட்டு, சுமோவின் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க கவிஞரே" என்றார்.