அம்பேல் சொன்னால் கையைத் தூக்கு

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வெட்டும் மெஷினுக்குள் கை விடுகிறவர் "அம்பேல்!" என்று கத்துவார். காதில் விழுந்த அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட வேண்டும். உள்ளே போனவர் கையை வெளியே எடுத்து "ஆட்டம்!" என்று சொல்லும்வரை இறக்கக் கூடாது. ஓடிப்பிடித்து விளையாடும்போது செருப்பு அறுந்தவள் 'அம்பேல்' என்றால் தொட மாட்டோமே, அதே சட்டம். சிக்கிய துண்டை எடுக்க மோட்டாரை அணைக்க மேனேஜர் விடமாட்டார். என் அம்மா இருபது வருஷமாகப் பத்து விரலோடு வீடு திரும்புவது இந்த ஒரு சொல்லால்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதச் சொன்னார்கள். பத்துப் பக்கம் எழுதினேன். "இயக்கத்தை நிறுத்துமாறு அறிவிக்க வேண்டும்." அம்பேலை எழுதவில்லை. யாரும் தடுக்கவில்லை. விளையாட்டுச் சொல்லை விதியாக எழுத எனக்கே கேவலமாக இருந்தது.

இன்று காலை ஆபீஸ் கண்ணாடி வழியே பார்த்தேன். அம்மா முழங்கைவரை மெஷினுக்குள். சுற்றிலும் எல்லாக் கைகளும் மேலே. கத்தியை இறக்கும் கைப்பிடியருகே நின்ற புதுப்பெண்ணின் கைகள் மட்டும் கீழே. நேற்றுச் சேர்ந்தவள். என் பத்துப் பக்கத்தையும் படித்துக் கையெழுத்துப் போட்டவள்.

எழுந்து ஓடினேன். கதவைத் திறந்ததும் அவள் சிரிப்பு கேட்டது.

"என்னக்கா, எல்லாரும் சரணடையறீங்க? போலீஸா வந்திருக்கு?"

"கையத் தூக்குடி!" என்று எதிர்ப்பக்கமிருந்து யாரோ அலறினார்கள்.

"புதுசுன்னா இப்படித்தான் கலாய்ப்பீங்களா? எனக்கு வேலை கெடக்கு."

அவள் கை கைப்பிடிக்குப் போனது. அவளை நோக்கிப் பாய்ந்தேன். கால் அட்டைத் துண்டில் வழுக்கியது. அடுக்கியிருந்த பெட்டிகள்மேல் விழுந்து எழுந்தேன். கைப்பிடி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மேலே இழுத்தேன்.

"அம்பேல்டி! அம்பேல்!"

அம்மா கையை வெளியே எடுத்தாள். விரல்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

"அந்தப் பத்துப் பக்கத்துல இது இல்லியேக்கா..." புதுப்பெண் அழுதாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ எழுதலியா?"

"இல்லம்மா."

"படிச்ச புள்ள எழுதினது, எங்களுதவிட நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"விடு அவள. துண்டு இன்னும் உள்ளதான் மாட்டியிருக்கு."

"மோட்டார அணைக்கச் சொல்றேம்மா. மேனேஜர்கிட்ட நான் பேசறேன்."

"பேசு. நல்லாப் பேசு. இப்ப லோடு வெளிய நிக்குது." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அம்பேல்!"

புதுப்பெண்ணின் கைகள்தான் முதலில் உயர்ந்தன. நானும் தூக்கினேன். அம்மாவின் முழங்கை உள்ளே மறைந்தது. அவள் இன்னும் "ஆட்டம்" சொல்லவில்லை.